பேப்பூருக்குப் போட்ட பாலம்

பள்ளிபாளையத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே காவிரியை ரயில் கடக்கும் இடத்தில், அந்தப் பாலம் சேலம் சீமைக்கு நன்மை செய்யக் கட்டப்பட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் 1862-இல் சங்ககிரியிலிருந்து போத்தனூர் வரை பாதை திறந்த மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்கு இரண்டு கடற்கரைகளை இணைப்பதே குறி: கிழக்கே சென்னை, மேற்கே பேப்பூர். பரிசல் போன ஆற்றில், பாறையில் தூண் ஊன்றி இரும்பு உத்தரம் ஏற்றியது அதற்காகத்தான். 1888-இல் பாதை கோழிக்கோடு வரை நீண்டதும் பேப்பூர் கடைசி நிலையம் என்ற மவுசை இழந்தது. பாலம் மட்டும் இங்கே நின்றது.

தாது வருஷப் பஞ்சத்தில் உயிர் காத்தது இந்த ரயில்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சென்னையிலும் மேற்குக் கரையிலும் இறங்கிய தானியம் ரயிலில்தான் உள்நாட்டுக்கு வந்தது. அதுவும் இல்லையென்றால் சாவு இன்னும் கூடியிருக்கும். ஆனாலும் 1871-இல் 19 லட்சத்து 67 ஆயிரத்தை நெருங்கிய சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881-இல் 16 லட்சத்துக்குக் கீழே போனது. ஸ்டேஷனில் மூட்டை இறங்கினால் போதுமா? ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் அதை இழுத்துப்போக வேண்டிய மாடுகளே தீவனமின்றிச் செத்துக்கொண்டிருந்தன. கூலி கிடைக்காதவனுக்கு விலைக்கு வந்த அரிசியால் என்ன பயன்?

பாலத்தை உள்ளூர்ச் சொத்தாக்கியது பின்னால் கரையில் வளர்ந்த தொழில்தான். 1960-களில் சங்ககிரியில் சிமென்ட் ஆலை, பள்ளிபாளையத்தில் காகித ஆலை, சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள், எதிர்க்கரையில் ஈரோட்டு ஜவுளிச் சந்தை. கடலுக்குக் கடல் போகக் கட்டிய வழி, அக்கரைக்கும் இக்கரைக்கும் சரக்கும் ஆளும் போய்வரும் வழியாகவும் ஆனது. நாமக்கல் பக்கம் லாரித் தொழில் பெருகியதற்கு ரயில் எட்டாததே காரணம் என்று முடிவுகட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ரயில் ஓடும் சங்ககிரியும் லாரிக்குப் பேர்போன ஊர்தானே. ரயில் இல்லாத குறை ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம், அவ்வளவே. ஆனால் கம்பெனியின் வரைபடத்தில் நாமக்கல் இல்லை என்பதில் ஐயமில்லை. 1997-இல் தனி மாவட்டத்தின் தலைநகரான பிறகும் அந்த ஊர் காத்திருந்தது. சேலம்–கரூர் பாதையில் பயணிகள் ரயில் நாமக்கல்லுக்கு வந்தது 2013-இல்தான். அது காவிரியைக் கடப்பதும் மோகனூருக்குத் தெற்கே உள்ள வேறொரு பாலத்தில்.