பினாங்கில் ஓடிய மின் வண்டிகள்

ஒரு நகரத்தின் வரலாறு கோட்டைகளிலும் ஆளுநர் மாளிகைகளிலும் மட்டும் அடங்கிவிடுவதன்று. நாள்தோறும் வேலைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் மக்களைச் சுமந்து சென்ற வண்டிகளும் அவ்வரலாற்றின் பகுதியே. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் இதற்குத் தக்க சான்றாகும்.

அங்கு 1880-களில் நீராவி டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1904-இல் சுங்கை பினாங்கில் மின் நிலையம் அமைந்தது. அதன் பயனாக 1906-இல் மின்சார டிராம் அறிமுகமாயிற்று. படகுத்துறையிலிருந்து நகரின் நடுவே சென்று ஆயர் ஈத்தாம் வரை அதன் பாதை நீண்டது. கெக் லோக் சி கோயிலுக்குச் செல்வோரும், 1923-இல் பினாங்கு மலை இரயில் திறக்கப்பட்ட பின்னர் மலையேற விரும்பியோரும் அவ்வழியே சென்றனர்.

டிராமுக்கு மேலே ஒரே கம்பி போதும். வண்டியை இயக்கிய மின்சாரம் தண்டவாளத்தின் வழியே திரும்பிவிடும். ஆனால் தண்டவாளத்தைப் பேணுவது செலவுமிக்கது. வண்டியும் சாலையில் சிறிதும் விலக இயலாது. ஆகவே 1925-இல் டிரோலி பஸ் வந்தது. இரப்பர்ச் சக்கரங்களில் ஓடிய அதற்குத் தண்டவாளம் தேவைப்படவில்லை. மின்சாரம் வரவும் திரும்பவும் மேலே இரு கம்பிகள் வேண்டியிருந்தன. சாலையோரம் ஒதுங்கிப் பயணிகளை ஏற்றவும் அதனால் இயன்றது. சிங்கப்பூர் மறு ஆண்டிலேயே இம்முறையை மேற்கொண்டது. பினாங்கில் டிராம் 1936-இல் முற்றாக நின்றது.

எனினும் கம்பி உள்ள இடமே டிரோலி பஸ்ஸின் எல்லை. டீசல் பேருந்துக்கோ சாலை ஒன்றிருந்தால் போதும். ஜார்ஜ் டவுன் 1957-இல் மாநகர்த் தகுதி பெற்றது. நான்கே ஆண்டுகளில், 1961-இல், டிரோலி பஸ்ஸும் விடைபெற்றது. கம்பிகள் அகன்றன, தண்டவாளங்கள் தாருக்கடியில் மறைந்தன.

2004-இல் சூலியா வீதியும் பினாங்கு சாலையும் கூடுமிடத்தில் பழைய தண்டவாளம் வெளிப்பட்டது. புகையின்றி மக்களை ஏற்றிச் சென்ற ஊர்தியை இந்நகரம் முன்னரே கண்டிருந்தது என்பதற்கு அவ்விரும்பே சாட்சி. 2025-இல் அதே தீவில் மின்சார இலகு இரயில் பாதைக்கான பணிகள் தொடங்கின. பழையது யாவும் பயனற்றதன்று. தன் ஊர் எதைக் கைவிட்டது, ஏன் கைவிட்டது என்பதை அறிந்த தலைமுறையே புதியதைத் தெளிந்து தேர்ந்தெடுக்கும். மாணவர்க்கு ஊர் வரலாறு கற்பிக்கப்பட வேண்டுவதன் காரணமும் இதுவே.