ஸ்டியரிங் அதிர்வு: காரணம் கண்டறிந்த வரலாறு

கார் குறிப்பிட்ட ஒரு வேகத்தை எட்டும்போது ஸ்டியரிங் சக்கரம் கைக்குள் நடுங்குவதும், வேகம் கூடினாலோ குறைந்தாலோ அந்த நடுக்கம் அடங்குவதும் ஸ்டியரிங் அதிர்வு எனப்படும். இது தனியொரு பழுது அன்று. பல பழுதுகளுக்குப் பொதுவான அறிகுறி. எந்த வேகத்தில், எந்தச் சூழலில் நடுக்கம் வருகிறது என்பதே காரணத்தைக் காட்டும் முதல் சான்று. இந்த உண்மையை அறிந்துகொள்ள மோட்டார் உலகுக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

1920களின் ஆட்டம்

தொடக்கக் காலக் கார்களில் இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைத்திருந்தது. டயர்கள் ஒடுக்கமாகவும் கடினமாகவும் இருந்தன. 1923இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் குறைந்த காற்றழுத்தத்தில் இயங்கும் பருத்த 'பலூன்' டயர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பயணம் மென்மையாயிற்று. அதே காலத்தில் முன்சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்தும் வழக்கம் பரவியதால் முன்னச்சின் எடையும் கூடியது. மென்மையான டயரும் கனத்த அச்சும் சேர்ந்தபோது புதிய தொல்லை ஒன்று தலைதூக்கியது. ஓரளவு வேகத்தில் முன்சக்கரங்கள் தாமாகவே இடமும் வலமும் வேகமாக ஆடத் தொடங்கின. அந்நாளில் புகழ்பெற்றிருந்த, தோள்களைக் குலுக்கி ஆடும் ஒரு நடனத்தின் பெயரால் இது 'ஷிம்மி' என்று அழைக்கப்பட்டது.

காரணம் தெரியாதவரை கைவைத்தியமே நடந்தது. இணைப்புகளை இறுக்கினர்; ஸ்டியரிங்கோடு அதிர்வுத் தடுப்பான்களைப் பொருத்தினர். ஆட்டம் குறைந்ததே தவிர, அதன் வேர் அப்படியே இருந்தது.

1925இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே இச்சிக்கலை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓடும் டயர் பக்கவாட்டு விசைக்கு உட்படும்போது, அது நோக்கும் திசையிலேயே செல்வதில்லை; சிறிது விலகியே உருள்கிறது என்று அவர் விளக்கினார். டயரின் இந்த நெகிழ்வு ஆட்டத்துக்கு ஊட்டம் தருகிறது என்பது தெளிவாயிற்று.

மற்றொரு காரணம் சுழலும் சக்கரத்தின் இயல்பில் இருந்தது. மிதிவண்டிச் சக்கரத்தின் அச்சை இரு கைகளாலும் பிடித்துச் சுழலவிட்டு, அச்சைச் சாய்த்துப் பார்த்தவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள். சாய்க்கும் திசையில் சாயாமல் சக்கரம் பக்கவாட்டில் திரும்ப முயலும். முழு அச்சுக் காரில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாயும். உடனே இரு சக்கரங்களும் திரும்ப முயலும். இவ்வாறு மேல்கீழ் அசைவும் இடவல அசைவும் ஒன்றையொன்று வளர்த்தன.

ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு 1930இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்தில் சேர்ந்த மாரிஸ் ஆலி, முன்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் அசையும் அமைப்பை வலியுறுத்தியவர்களுள் முதன்மையானவர். 1934ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் அவ்வமைப்பைப் பெருமளவில் புகுத்தியது. கார்களில் பழைய ஷிம்மி பெருமளவு மறைந்தது. அதன் கணிதம் அதன்பின்னும் ஆராயப்பட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பசேய்கா 1966இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வு சக்கர ஷிம்மியைப் பற்றியதே.

இந்தியச் சாலைகளில்

1957 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டது. அதன் முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்குபவை. ஆனால் ஜீப்புகளும் லாரிகளும் முழு அச்சோடு ஓடின. லாரிகள் இன்றும் பெரும்பாலும் அப்படியே ஓடுகின்றன. அதனால்தான் சேலம், நாமக்கல் பகுதி லாரிப் பட்டறைகளில் 'கிங்பின்' தேய்மானம் இன்றும் அன்றாடப் பேச்சாக இருக்கிறது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எடை குறைந்த சிறிய கார்கள் பெருகின. 1998இல் அறிவிக்கப்பட்ட தேசிய நெடுஞ்சாலை மேம்பாட்டுத் திட்டத்தின் வடக்கு - தெற்கு வழித்தடம் சேலம் வழியாக அமைந்தது. குண்டும் குழியுமான ஒற்றைச் சாலையில் மறைந்திருந்த ஒரு குறை, நான்குவழிச் சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது வெளிப்பட்டது. அது பழைய ஷிம்மி அன்று. சக்கரத்தின் எடைச் சமனின்மை.

வேகம் சொல்லும் கணக்கு

சுமார் 62 செ.மீ. விட்டமுள்ள டயர் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 13 முறை சுழலும். 14 அங்குல ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை மிகுந்திருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் மூன்றரை கிலோ எடைக்கு ஈடான விசையோடு சக்கரத்தைச் சுற்றிச்சுற்றி இழுக்கும். வேகம் மூன்றில் ஒரு பங்கானால் விசை ஒன்பதில் ஒரு பங்காகும், 30 கி.மீ. வேகத்தில் அது 400 கிராம் அளவே.

காரின் சக்கரமும் அதைத் தாங்கும் பாகங்களும் சேர்ந்த அமைப்புக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 வரை இருக்கும். சக்கரம் சுழலும் எண்ணிக்கை அதனோடு பொருந்தும்போது ஒத்ததிர்வு ஏற்பட்டு நடுக்கம் உச்சமடைகிறது. அந்த வேகத்தைக் கடந்தால் தணிகிறது. 'எண்பதில் ஆடுகிறது, நூற்றுப்பத்தில் நின்றுவிடுகிறது' என்று ஓட்டுநர் சொல்வது கற்பனை அன்று, இயற்பியல்.

குப்பனூர்ப் பாதை காட்டும் வேறுபாடு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு மலைப்பாதைகள் உள்ளன. ஒன்று 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட முதன்மைப் பாதை. மற்றொன்று அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாகச் சேர்வராயன் மலையில் ஏறுவது. முதன்மைப் பாதையில் மண்சரிவோ பராமரிப்புப் பணியோ இருக்கும் நாட்களில் குப்பனூர் வழியே கைகொடுக்கிறது.

மலையடிவாரத்தில் இருக்கும் குப்பனூர், அதிர்வின் இரு வகைகளையும் பிரித்துக் காட்டும் இடம். மேலே வளைவுகளில் வேகம் குறைவு. ஆகவே எடைச் சமனின்மை அங்கே தலைகாட்டாது. கீழே இறங்கி நெடுஞ்சாலையைப் பிடித்த பிறகே தெரியும். மாறாக, இறக்கத்தில் நெடுநேரம் பிரேக்கை மிதித்து வந்தால் பிரேக் டிஸ்க் கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் பேடின் பொருள் டிஸ்கில் சீரற்றுப் படிந்து, தடிமன் இடத்துக்கு இடம் வேறுபடலாம். அதன்பின் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் அதிரும். பிரேக்கை விட்டால் நிற்கும். முன்னதற்கு மருந்து வீல் பேலன்சிங். பின்னதற்கு எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் பயன் இல்லை. குறைந்த கியரில் இறங்கினால் இப்பழுதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கண்டறியும் முறை

முதலில் செலவில்லாத சோதனைகள்: சக்கர நட்டுகள் இறுகியுள்ளனவா, டயர்க் காற்று சரியாக உள்ளதா, ரிம்மின் உட்புறத்தில் சேறு காய்ந்து ஒட்டியுள்ளதா, ரிம்மில் இருந்த பேலன்சிங் எடைக்கட்டி விழுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். முன்பு ஈயத்தில் செய்யப்பட்ட இக்கட்டிகள், ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் ஈயத்தைத் தடை செய்த பின்னர், துத்தநாகத்திலும் எஃகிலும் வரத் தொடங்கின.

அடுத்து, நடுக்கம் வரும் சூழலைக் கவனிக்க வேண்டும்.

80 முதல் 110 கி.மீ. வரை மட்டும் ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரங்களின் எடைச் சமனின்மை. ஸ்டியரிங் அமைதியாக இருந்து இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரங்களைப் பார்க்க வேண்டும்.

30 முதல் 50 கி.மீ. வேகத்திலேயே ஆடினால் டயரில் புடைப்போ, உள்ளிழைச் சேதமோ, வளைந்த ரிம்மோ காரணமாகலாம்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் முன்பிரேக் டிஸ்க். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் நின்றால், முன்சக்கர இயக்கக் கார்களில் டிரைவ் ஷாஃப்டின் உள் இணைப்பு.

பள்ளத்தில் விழுந்ததும் ஆட்டம் தொடங்கி நீடித்தால் டை ராட் எண்டு, பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

சந்தேகம் தீர, முன்சக்கரங்களைப் பின்னும் பின்சக்கரங்களை முன்னும் மாற்றிப் பொருத்தி ஓட்டலாம். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால் குற்றம் சக்கரத்தில். மாறாவிட்டால் பிற பாகங்களில். வீல் அலைன்மென்ட் பிழையால் கார் ஒருபுறம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அது மட்டும் பொதுவாக நடுக்கம் தராது. அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் ஒன்றென எண்ணுவதே வீண் செலவுக்கு வழி.

இவற்றுள் கடைசி வகையே ஆபத்தானது. எடைச் சமனின்மை டயரையும் இணைப்புகளையும் மெல்லத் தேய்க்கும். ஆனால் தேய்ந்த பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் ஓட்டுநரின் கட்டுப்பாட்டை விட்டுப் போகும். மலை வளைவில் அது உயிருக்கே கேடு. 1920களில் தடுப்பான் பொருத்தி ஆட்டத்தை அடக்கியவர்கள் காரணத்தை அறியாமல் செய்தார்கள். இன்று காரணங்கள் தெரிந்தவை. எந்த வேகத்தில், எப்போது, எந்த இடத்தில் நடுங்குகிறது என்ற மூன்றையும் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் சொன்னால், பாதி வேலை பட்டறைக்குப் போகும் முன்பே முடிந்துவிடும்.