சாது என்னும் சொல்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவர், ஒடிசாவிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவரை என்னிடம் அழைத்து வந்தார். "ரொம்பச் சாது, ஃபாதர்! ஓவர்டைம் காசைக்கூடக் கேட்கமாட்டான்" என்றார். தமிழறியாத அவ்விளைஞர் புன்னகைத்தார். நானும் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

சாது வடசொல். நேரே சென்று இலக்கை எய்துதல் என்பது அதன் வேர்ப்பொருள். சாதனை, சாத்தியம் ஆகிய சொற்களும் அவ்வேரில் கிளைத்தவையே. ஆகவே, சாது என்பவர் முதற்கண் மெல்லியர் அல்லர், நேரியர். பௌத்தர் நற்செயலைக் கண்டு 'சாது, சாது, சாது' என முழங்குவர். இலங்கையில் இன்றும் அவ்வொலியைக் கேட்கலாம். அங்கு அதன் பொருள் 'நன்று' என்பதாம். சமணர் தம் ஐவகை வணக்கத்தின் நிறைவில் உலகிலுள்ள சாதுக்கள் அனைவரையும் வணங்குவர். அங்கு அது துறவியைக் குறிக்கும். 1889இல் பஞ்சாபில் பிறந்து, 1929இல் திபெத்தை நோக்கிச் சென்று மீளாத சுந்தர் சிங்கும் காவியுடுத்திய சாதுவே. ஊர் ஊராய்ச் சென்று போதித்த அவரை வாய் திறவாதவர் என்று யார் சொல்வார்?

துறவி எவரையும் துன்புறுத்தாதவர். அவ்வொரு பண்பே பேச்சு வழக்கில் சொல்லின் முழுப்பொருளாய்ச் சுருங்கிவிட்டது. முட்டாத மாடு சாது. எதிர்த்துப் பேசாத மருமகள் சாது. கூலி கேளாத தொழிலாளி சாது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்னும் பழமொழி ஒன்றே, அடங்கிய வலிமையை நமக்கு நினைவூட்டுகிறது.

மலைப்பொழிவில் இயேசு வாழ்த்திய மென்மையும் வலிமையற்றதன்று. அங்குள்ள 'பிராயுஸ்' என்னும் சொல்லைக் கிரேக்கர் பழக்கிய குதிரைக்கும் வழங்கினர். பழக்கிய குதிரை வலிமை இழப்பதில்லை. அதன் வலிமை நெறிப்படுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அப்பண்பைக் 'கனிவு' என்றது. கனிவது முதிர்ச்சியின் அடையாளமன்றோ! பணிவில் தலைசிறந்தவராக எண்ணிக்கை நூல் காட்டும் மோசேதான், செங்கல் அறுத்த அடிமைகளுக்காகப் பார்வோன் முன் நின்று வாதாடினார். திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளில் ஒடிசாக் குடும்பங்கள் உழைப்பதைக் கண்டோர்க்கு அவ்வரலாறு தொலைவானதாகத் தோன்றாது.

வெளிமாநிலத் தொழிலாளருக்கென 1979இல் இயற்றப்பட்ட சட்டம், ஒத்த வேலைக்கு உள்ளூராருக்கு நிகரான கூலி வழங்க வேண்டும் என்று வகுத்தது. உரிய கூலியைக் கேட்பவர் சாதுத்தன்மையை இழப்பதில்லை; அச்சொல்லின் பழம்பொருளுக்கே திரும்புகிறார்.

மறையுரைகளில் சாந்தத்தைப் போற்றும் நாம், அது யாருக்கு வசதியாய் இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். அவ்விளைஞரை மீண்டும் காணும்போது, அவருக்கு வரவேண்டிய ஓவர்டைம் கணக்கை அவரோடு அமர்ந்து எழுதிப் பார்க்க எண்ணியுள்ளேன்.