கொழுக்கிப்புழுவும் கண்டிச் சீமைத் தோட்டங்களும்

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்து கண்டிச் சீமைக்கு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வழியிலேயே மாண்டனர். வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களைப் பலிகொண்ட வரலாறு பலரும் அறிந்ததே. ஆனால், தப்பிப் பிழைத்து லயங்களிற் குடியேறியோரை ஓசையின்றி வருத்திய பகை வேறொன்று உண்டு. அதுவே அரை அங்குலமும் நீளமில்லாத கொழுக்கிப்புழு.

1838ஆம் ஆண்டில், மிலான் நகர மருத்துவர் துபினி, இறந்த ஒரு பெண்ணின் குடலில் இப்புழுவைக் கண்டார். அது மனித உடலுட் புகும் வழி யாது என்பது மேலும் அறுபது ஆண்டுகள் விளங்கவில்லை. கெய்ரோவில் ஆராய்ச்சி செய்த லூஸ் என்னும் அறிஞர், புழுக்குஞ்சுகள் நிறைந்த நீரைத் தவறுதலாகத் தம் கையிற் சிந்திக்கொண்டார். தோல் சிவந்து எரிந்தது. சில வாரங்களின் பின்னர்த் தம் மலத்திலேயே புழுவின் முட்டைகளைக் கண்டார். வாய்வழியன்றித் தோல்வழியாகவும் அது புகும் என்பது அவ்வாறு புலனாயிற்று.

மலத்தோடு மண்ணிற் சேரும் முட்டை, நிழலும் ஈரமும் வெப்பமும் உள்ள இடத்திற் பொரிக்கின்றது. குஞ்சு வெறுங்காலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சேர்கின்றது. அங்கே அது பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகின்றது. மலைநாட்டு மழை, தேயிலைச் செடியின் நிழல், மலகூடமற்ற லயம், செருப்பற்ற கால் ஆகிய நான்கும் அப்புழுவுக்கு வாய்த்த நல்வாழ்வாயின. உதடும் கண்ணிமையும் வெளுத்து, மலையேற மூச்சு வாங்கி நின்ற தொழிலாளியைச் சோம்பேறி என்று ஏசியவர்கள், அவன் குடலில் நிகழ்ந்ததை அறிந்திலர்.

1916ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரொக்பெல்லர் தாபனம், கண்டிக்கு வடக்கேயுள்ள மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இந்நோயை எதிர்த்து இயக்கமொன்றைத் தொடங்கியது. டாக்டர் சுனோட்கிராஸ் அதற்குத் தலைமை தாங்கினார். பரிசோதிக்கப்பட்டவருள் மிகப் பெரும்பாலோரிடம் புழு இருந்தது. செனப்போடிய எண்ணெய் முதலிய மருந்துகள் கொடுக்கப்பட்டன. அவை கடுமையானவை, அளவு மிஞ்சின் உயிருக்கே ஆபத்தானவை. மருந்துண்டவர் தேறினர். ஆயினும், அதே அசுத்த மண்ணிலேயே மீண்டும் வெறுங்காலோடு நடந்ததால் புழுவும் மீண்டது. மலகூடம் கட்டுமாறு மருத்துவர் வற்புறுத்தினர். செலவையும் வேலைநாள் இழப்பையும் எண்ணித் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர்.

மண்ணின் தூய்மை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. இந்தியத் தொழிலாளர் கரும்புத் தோட்டங்களில் உழைத்த திரினிடாட் தீவில், 1920களில் ஆராய்ச்சியாளர் பன்றிகளைக் கவனித்தனர். திறந்தவெளியிற் கிடந்த மனித மலத்தைப் பன்றி தின்றபோது, அதிலிருந்த கொழுக்கிப்புழு முட்டைகள் அழியாது வெளிவந்தன. பன்றி சென்ற இடமெல்லாம் அவை பரவின. பன்றியின் குடலில் வாழும் உருளைப்புழு மனிதனுக்கும் தொற்றுவதுண்டு எனப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மலம் மண்ணிற் கிடக்குமாயின், மனிதனும் விலங்கும் ஒருவர் நோயை மற்றவர் சுமக்க நேரிடுகின்றது.

இந்தியாவிலிருந்து வந்த கூலிகளே இந்நோயைக் கொணர்ந்தனர் என்று அக்காலத்திற் பலர் பழித்தனர். பின்னர் மண்டபம் முகாமிலேயே பயணிகளுக்குப் புழுமருந்து கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. வந்தவர் உடலிற் புழு இருந்தது மெய்யே. ஆனால், அதனைப் பெருகச் செய்தது அவர்களுக்கு அளிக்கப்பட்ட இருப்பிடம். புழுவுக்குச் சாதியுமில்லை, ஊருமில்லை; செருப்பில்லாத காலே அதற்குப் போதும்.

இன்று ஒரே வேளை மாத்திரையாற் புழுவை வெளியேற்றலாம். மாத்தளை கற்பித்த பாடமோ மாறவில்லை: குடலைச் சுத்தம் செய்வது மருந்து, மண்ணைச் சுத்தம் செய்வது மலகூடம். பின்னதில்லையேல் முன்னது நிலையாது.