மரத்துல 18 மாடி கட்டடம்... காற்றில் இருக்கும் கார்பனை பூட்டி வைக்க முடியுமா?

மரத்தை வெட்டினா சுற்றுச்சூழலுக்குக் கேடுன்னுதானே சொல்வாங்க? ஆனா நார்வேயின் புரூமுண்டால் நகரில், மரத் தூண்களும் உத்தரங்களும் தாங்கும் 18 மாடிக் கட்டடமே இருக்கு. 2019-ல் திறக்கப்பட்ட 'மியோஸ்டோர்னெட்' 85.4 மீட்டர் உயரம். காற்றில் அதிகம் ஆடாமல் இருக்க, மேல் மாடிகளின் தளத்துக்கு மட்டும் கான்கிரீட் போட்டிருக்காங்க.

கார்பன் எப்படி உள்ளே போகுது?

வளரும் மரம் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன்தான். அதாவது, ஒரு டன் காய்ந்த மரம் காற்றிலிருந்து எடுத்தது சுமார் 1.8 டன் கார்பன் டை ஆக்சைடு. மரம் மக்கினாலோ எரிந்தாலோ அது திரும்பவும் காற்றுக்கே போயிடும். தூணாக மாறினால், கட்டடம் நிற்கும் வரை உள்ளேயே இருக்கும்.

தீப்பிடிச்சா?

தடிமனான மரத்தின் மேற்பரப்பு முதலில் கரியாகும். அந்தக் கரிப்படலம் உள்பகுதி வேகமாக எரியாமல் தடுக்கும்.

எத்தனை வருஷம் தாங்கும்?

ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலின் மரக் கட்டடங்கள் சுமார் 1,300 ஆண்டுகளாக நிற்கின்றன.

அப்போ சிக்கலே இல்லையா?

இருக்கு. வெட்டிய இடத்தில் மறுபடியும் மரம் வளரணும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுக்குள்ள கட்டடத்தை இடிச்சு மரத்தை எரிச்சா, சேமிச்ச கார்பன் எல்லாம் வெளியே வந்துடும். இடித்தாலும், அந்த மரத்தை அடுத்த கட்டடத்துக்குப் பயன்படுத்தினால்தான் பூட்டு நீடிக்கும்.