எந்திரம் உடைத்தவர்கள்

1811ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் காலுறை பின்னும் தொழிலாளர்கள் இரவோடிரவாக எந்திரங்களை உடைத்தனர். அறியாமையால் எந்திரத்தை வெறுத்தவர்கள் என்றே அவர்களை நாம் எண்ணிவிடுகிறோம். பின்னல் எந்திரமே அவர்களுக்கும் தலைமுறை தலைமுறையாய்ச் சோறிட்டது. கூலிக் குறைப்பையும், பயிற்சியற்றோரைக் கொண்டு மட்டமான சரக்கு பின்னுவித்ததையுமே எதிர்த்தனர். 1812இல் பாராளுமன்றம் அளித்த விடை, எந்திரம் உடைப்போருக்கு மரணதண்டனை!

நீதியான கூலியையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் திருத்தந்தை 13ஆம் லியோ 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில் வலியுறுத்தியது 1891இல். அதற்குள் எண்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. 2025இல் 14ஆம் லியோ, தாம் அப்பெயரை ஏற்றதற்குச் செயற்கை நுண்ணறிவு விடுக்கும் அறைகூவலையும் காரணமாகச் சுட்டினார்.

புதிய எந்திரத்தின் ஆதாயம் எவருக்கு, இழப்பு எவருக்கு? இதை இன்றே கேட்போமா, இன்னும் எண்பது ஆண்டுகள் காத்திருப்போமா?