ஆயக்கட்டு போன ஏரி

மழை பிடித்துவிட்டால் சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லாரும் போன் போட்டுக் கேட்கிற முதல் கேள்வி, "செம்பரம்பாக்கம் எத்தனை அடி நிக்குது?" 2015-க்கு அப்புறம் வந்த பழக்கம். கேட்பதில் தப்பில்லை. 24 அடி, 3,645 மில்லியன் கன அடி என்ற கணக்கு இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் செம்பரம்பாக்கம் வரிசையில் கடைசியாக நிற்கிற பெரிய ஏரி. அதற்கு மேலே இருக்கிற ஏரிகளைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. அவை இருக்கிற இடம்தான் உங்களுக்குக் கார் கம்பெனி, செல்போன் கம்பெனி என்று தெரிந்த எங்க ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி.

முதலில் தண்ணீர் போகிற வழியைச் சொல்லிடறேன். இங்கே பெய்கிற மழை இரண்டு பக்கமாகப் பிரியும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகும். ஒரத்தூர், படப்பை, மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து உபரி செம்பரம்பாக்கத்தைத் தொடாமல் நேராக அடையாற்றுக்குப் போகும். செம்பரம்பாக்கத்தில் திறந்துவிடுகிற தண்ணீரும் திருநீர்மலைப் பக்கம் வந்து அதே அடையாற்றில் சேரும். அப்புறம் விமான நிலையம், சைதாப்பேட்டை, கடல். எந்தப் பக்கம் விழுந்தாலும் எங்க ஊர் மழை கடைசியில் உங்க ஊருக்குத்தான் வரும்.

இந்தச் சீமையில் பெரிய ஆறு கிடையாது. பாலாறும் வருஷத்தில் பாதி நாள் மணல். அதனால் ஏரிதான் எல்லாமே. காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டு மாவட்டமும் சேர்த்து நீர்வளத் துறைக் கணக்கில் இருக்கிற ஏரிகள் மட்டும் 909. ஒரு ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழியும். அதை நாங்க "கோடி போகுது" என்போம். மேல் ஊர் ஏரியின் கோடித் தண்ணீர்தான் கீழ் ஊர் ஏரிக்கு வரத்து. கலங்கல் ஒரு சாண் உயர்ந்தால் மேல் ஊர் நிலம் முழுகும், ஒரு சாண் தாழ்ந்தால் கீழ் ஊருக்கு வெள்ளம் முந்தும். அந்த ஒரு சாணுக்காக இரண்டு ஊர் தடி எடுத்து நின்ற கதையை என் தாத்தா காலத்து ஆட்கள் நிறையச் சொல்வார்கள். சண்டை போட்டார்கள் என்றால், கலங்கலைக் கண் கொட்டாமல் பார்க்க ஆள் இருந்தது என்றும் அர்த்தம்.

இந்தக் கண்காணிப்பு ரொம்பப் பழசு. பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய உத்திரமேரூர் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லாரும் பேசுகிறோம். அந்த ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்ப்பதற்கென்றே தனிக் குழு. பாலாற்றுத் தண்ணீரை ஊர் ஊராக ஏரிகளில் நிரப்பி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கொண்டுவருகிற கம்பன் கால்வாயைப் பல்லவர் காலத்தது என்று சொல்வார்கள்.

கம்பெனிக்காரன் வந்த புதிதில், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்ட் என்ற எஞ்சினியர் செங்கல்பட்டு ஜாகீரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்தில் நெல் குவிந்ததும், பங்கு பிரிப்பதற்கு முன்னாலேயே யார் யாருக்கு எவ்வளவு ஒதுக்குவார்கள் என்று அந்தக் கணக்கில் இருக்கிறது. கோயில், கணக்குப்பிள்ளை, தச்சர், கொல்லர் வரிசையில் ஏரிக்கும் ஒரு பங்கு. நீர்க்கட்டிக்கும் ஒரு பங்கு. அதாவது கரையைப் பார்க்கிற செலவு அந்த வருஷ விளைச்சலிலிருந்தே வந்தது.

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1790-களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரி உடையப் போகிற ராத்திரியில் வில்லோடு இரண்டு பேர் கரையில் காவல் நிற்பதைப் பார்த்தார் என்பது ஐதீகம். எங்க மாவட்டத்தில் சாமிக்குக்கூடக் கரைக்காவல் வேலைதான் கொடுத்திருக்கோம்.

பழசு எல்லாம் பொற்காலம் என்று சொல்லவில்லை. மழையில் நனைந்தபடி மதகைத் திறந்து மூடின நீர்க்கட்டி, கம்புகட்டி பெரும்பாலும் சேரிக்காரர். அவருக்குக் கிடைத்தது கூலி நெல். அந்த ஆயக்கட்டில் அவருக்குச் சொந்த நிலம் இருந்தது அபூர்வம். குடிமராமத்து என்று இப்போது ஆசையாகச் சொல்கிறோமே, அதற்கு வெள்ளைக்காரன் 1858-ல் போட்ட சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையும் நிலை வந்தால் ஊர் ஆண்களை வேலைக்கு இழுக்கலாம் என்றது அது. அந்த முறையில் நியாயம் குறைவு. ஆனால் மழை ராத்திரியில் கரைமேல் யாராவது இருந்தார்கள்.

இனி தொழிற்சாலைக் கதை. சிப்காட் 1971-ல் தொடங்கிய நிறுவனம். எங்க பக்கம் வேகம் பிடித்தது 1996-ல், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் போட்டதிலிருந்து. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிஸ்ஸான், அப்புறம் வல்லம், வடகால். வடகால் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு வாய்க்கால்தான் ஞாபகம் வரும். வேலை கிடைத்தது, சாலை வந்தது. எங்க ஊர்ப் பிள்ளைகள் ஷிப்ட் பஸ்ஸில் போய்வருகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நிலம் எடுத்தபோது நடந்ததைக் கவனியுங்கள். ஏரியை யாரும் எடுக்கவில்லை. அது புறம்போக்கு, வரைபடத்தில் ஏரி என்றே இருக்கிறது. எடுத்தது ஏரிக்குக் கீழே இருந்த வயலை, ஆயக்கட்டை. நெல் வயலின் வரப்பு அரை அடி. ஒரு ஏக்கரில் அரை அடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 6 லட்சம் லிட்டர். அந்த வயலைக் கிராவல் கொட்டி உயர்த்தினால் அவ்வளவு தண்ணீரும் ரோட்டுக்கு வரும். அதைவிடப் பெரிய இழப்பு, ஏரிக்கு ஆள் இல்லாமல் போனது. சம்பா நட்டவனுக்குத்தான் மதகு துருப்பிடித்தால் வலிக்கும், கரையில் எலி வளை போட்டால் கண்ணில் படும். ஆயக்கட்டு இல்லாத ஏரியில் மிச்சம் இருக்கிற ஒரே அக்கறை மீன் ஏலம். மீன் போய்விடக் கூடாதென்று கலங்கலில் வலையும் மணல் மூட்டையும் போடுகிறார்கள். மேலே சொன்ன அந்த ஒரு சாண் அப்படித்தான் உயருகிறது.

2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய ஒரு நாள் மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அந்தத் திறப்பைப் பற்றி நிறையப் பேசியாச்சு. 2018-ல் வந்த தணிக்கை அறிக்கை இதை மனிதர்களால் வந்த பேரிடர் என்றே சொன்னது. நான் சேர்ப்பது ஒன்றுதான். முடிச்சூரும் வரதராஜபுரமும் திருநீர்மலைக்கு மேலே இருக்கின்றன. செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேருவதே அதற்குக் கீழே. அப்படியென்றால் அந்த ஊர்களில் மாடி வரை நின்றது யார் வீட்டுத் தண்ணீர்? எந்த ஷட்டரும் இல்லாமல், சைரனும் இல்லாமல், ஏரி ஏரியாகக் கோடி போய் வந்த எங்க பக்கத்துத் தண்ணீர்.

அப்புறம் மீட்பு வேலை நடந்தது. அடையாற்றை அகலப்படுத்தினார்கள், மூடு கால்வாய் கட்டினார்கள், ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளைச் சேர்த்து நீர்த்தேக்கம் தொடங்கினார்கள். 2017 மார்ச்சில் குடிமராமத்தை 100 கோடி ரூபாயில் திரும்பத் தொடங்கினபோது, விழா நடந்த இடமே மணிமங்கலம் ஏரி. தேவையான வேலைகள்தான். ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் மறுபடி படகு.

தூர் எடுப்பது ஒரு தடவை வேலை, காவல் வருஷா வருஷம் வேலை. அந்த இரண்டாவது வேலை யாருடையது? 2000-ல் கொண்டுவந்த பாசன மேலாண்மைச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் அடிப்படை ஆயக்கட்டு நிலம். குடிமராமத்திலும் விவசாயிகள் பத்தில் ஒரு பங்கு போட வேண்டும் என்றார்கள். நிலமே கம்பெனி காம்பவுண்டுக்குள் போனபின் சங்கம் எங்கே, பங்கு போடுகிறவன் யார்?

நெதர்லாந்தில் 1995 வெள்ளத்தில் இரண்டரை லட்சம் பேரை இடம் மாற்றினார்கள். அதற்கப்புறம் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போகாமல் ஆற்றுக்கு இடம் விடுவோம் என்று திட்டம் போட்டார்கள். ஓவர்டீப் என்ற தாழ்நிலத்தில் இருந்த பால் பண்ணைக்காரர்களே ஒரு யோசனை சொன்னார்கள்: எங்களை விரட்டாதீங்க, மேடு கட்டி அதன்மேல் வீட்டையும் மாட்டுக்கொட்டகையையும் வைத்துக்கொள்கிறோம், வெள்ளம் வந்தால் நிலத்தில் விட்டுக்கொள்ளுங்கள் என்று. அரசாங்கம் கேட்டது. வெள்ளத்தைத் தாங்குகிற நிலத்துக்கு அங்கே ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், அவனுக்கு ஒரு பேச்சும் இருக்கிறது.

இங்கே காற்று வேறு பக்கம் அடிக்குது. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. அதே வருஷம் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு. அந்த இடத்துக்குள் ஏரிகளும் கம்பன் கால்வாயும் வருகின்றன. 2023-ல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்துக்குள் நீர்நிலை இருந்தாலும் அரசு நிலத்தைச் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிறது.

அதனால் அடுத்த ஐப்பசியில் செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று கேட்பதோடு இதையும் கேளுங்க. ஆயக்கட்டு போன மேல் ஏரிகளுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு கரைக்காவலர் இருக்கிறாரா? ஏரிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் தொழிற்பேட்டை, பழைய ஆயக்கட்டுக்காரன் களத்தில் கொடுத்தது மாதிரி அதற்கு ஒரு பங்கு கட்டுகிறதா? மேல் ஏரி கோடி போகும்போது கீழே இருக்கிற ஊருக்குப் போன் போட யாருக்கு உத்தரவு? இது உங்க வீட்டுப் பாதுகாப்பு விஷயம். எங்க கிராம சபையில் நாங்க கேட்டால் "விவசாயமே இல்லையே, ஏரி எதுக்கு?" என்று திருப்பிக் கேட்கிறாங்க. அடையாற்றங்கரையில் குடியிருக்கிற நீங்க கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது.